முப்பத்தெட்டாவது மாப்பிள்ளை

கணக்கிலே சூரர்கள் சிலர் இருப்பார்கள். கணக்குப் புத்தகத்தைக் கண்டாலே ஓட்டம் பிடிக்கிறவர்கள் பலர் இருப்பார்கள். இந்த இரண்டு கூட்டத்தாலும் ஊருக்குத் தீங்கில்லை, விட்டுவிடலாம். இங்கே சொல்ல வந்தது மூன்றாவது கூட்டம். ஒன்று, இரண்டு, மூன்று என்று தொடங்கி முடிவே இல்லாமல் எண்கள் வரிசையில் நிற்க, அத்தனையையும் தள்ளிவிட்டு ஒன்றே ஒன்றைப் பிடித்துக்கொண்டு, அதற்குக் கோயில் கட்டாத குறையாக, பஸ்ஸிலும் பந்தியிலும் செத்தவீட்டிலும் அதன் புகழைப் பாடித் திரிகிறவர்கள். இவர்களுக்கு அகராதியில் பெயர் கிடையாது. ஓரெண் பக்தர் என்று வைத்துக்கொள்வோம்.

எண்சோதிடக்காரரோடு இவரைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. எண்சோதிடக்காரர் உங்கள் பெயரில் ஒரு எழுத்தைக் கூட்டச் சொல்வார், அல்லது குறைக்கச் சொல்வார், காசை வாங்கிக்கொண்டு போய்விடுவார். ஓரெண் பக்தர் காசு வாங்கமாட்டார். போகவும் மாட்டார்.

ஒரு நல்ல மாதிரி வேண்டுமானால் யாழ்ப்பாணத்துக்குப் பக்கத்தில் வேலணைத் தீவுக்கு வாருங்கள். தியாகலிங்கத்தார் வீடு எது என்று கேட்டால் ஒருவருக்கும் தெரியாது. "முப்பத்தேழார் வீடு" என்று கேளுங்கள்; சைக்கிளை நிறுத்தி, கூடவே வந்து படலையைத் திறந்தும் விடுவார்கள். ஆனால் உள்ளே வரமாட்டார்கள்.

தியாகலிங்கத்தார் அரசாங்க மருந்தகம் ஒன்றில் மருந்து கலந்து கொடுத்து ஓய்வு பெற்றவர். முப்பத்து நாலு வருட சேவை. இன்னும் மூன்றே மூன்று வருடம் வைத்திருந்தால் அரசாங்கம் என்ன அழிந்தா போயிருக்கும் என்ற ஆதங்கம் அவருக்கு இன்றும் உண்டு. இந்தப் பக்தி அவரைப் பற்றிக்கொண்டதே வெப்பமானியால்தான். அவர் தொழில் பழகிய காலத்தில் சுகதேகியின் உடம்புச் சூடு தொண்ணூற்றெட்டுப் புள்ளி நாலு. அது ஒரு எண்ணா? பஸ் கட்டணம் மாதிரி, சில்லறை ஒட்டிக்கொண்டு. பிறகு ஒருநாள் புதிய வெப்பமானிகள் வந்தன. பெட்டியை உடைத்து, ஒன்றை எடுத்துத் தன் கமக்கட்டில் வைத்துப் பார்த்தார். முப்பத்தேழு. புள்ளியில்லை, பின்னமில்லை, சுத்தமான முழு எண். மனிதனைப் படைத்தவன் இந்த எண்ணில்தான் அடுப்பைப் போட்டு வைத்திருக்கிறான் என்று அவருக்கு அன்றைக்கே விளங்கிவிட்டது. மருந்து வாங்க வந்தவர்கள் முக்கால் மணித்தியாலம் காத்து நின்றார்கள்.

அதன் பிறகு எண்ணைத் தோண்டத் தோண்ட ஊற்று. முப்பத்தேழு தன்னாலும் ஒன்றாலும் தவிர வேறெதனாலும் பிரியாது. யாருக்கும் பங்கு கொடுக்காத எண். ஆனால் அதை மூன்றால் பெருக்கினால் நூற்றுப் பதினொன்று என்று மூன்று தடிகளாக நிமிர்ந்து நிற்கும். நாலால் பெருக்கினால் 148. அதன் தலையைப் பிடித்து வாலில் வைத்தால் 481. இன்னொருக்கால் உருட்டினால் 814. மூன்றும் முப்பத்தேழால் மிச்சமின்றிப் பிரியும். இதைக் கண்டுபிடித்த கிழமை அவர் யாழ்ப்பாணத்துக்குப் பஸ்ஸில் போனபோது, பண்ணைப் பாலம் முழுவதும் எதிரே வந்த வாகனங்களின் இலக்கங்களைச் சத்தமாக உருட்டிக்கொண்டே போனார். பக்கத்துச் சீற்றில் இருந்தவர் இறங்கவேண்டிய இடத்துக்கு இரண்டு தரிப்பு முன்னாலேயே இறங்கிவிட்டார்.

எல்லா ஓரெண் பக்தருக்கும் ஒரு பூசை உண்டு. தியாகலிங்கத்தாருடையது இது. ஆள் அகப்பட்டதும் சட்டைப் பையிலிருந்து குமிழ்முனைப் பேனையையும் பழைய மருந்துச் சீட்டுத் துண்டொன்றையும் எடுத்து நீட்டுவார்.

"ஒண்டிலை இருந்து ஒன்பதுக்குள்ளை ஒரு இலக்கம் நினையுங்கோ. எனக்குச் சொல்லாதையுங்கோ. அதையே பக்கத்திலை பக்கத்திலை மூண்டு தரம் எழுதுங்கோ. இப்ப அந்த மூண்டையும் கூட்டுங்கோ. கூட்டி வந்ததாலை பெரிய எண்ணைப் பிரியுங்கோ. என்ன வருகுது?"

ஐந்தை நினைத்தால் 555. ஐந்தும் ஐந்தும் ஐந்தும் பதினைந்து. பிரித்தால்? எந்த இலக்கத்தை நினைத்தாலும் அதேதான். முதல் தடவை அதிசயம். இரண்டாம் தடவை மரியாதைக்கு ஒரு சிரிப்பு. சந்தியில் கடை வைத்திருக்கும் கமலாதேவி ஒருநாள் பொறுமை இழந்துவிட்டாள்.

"ஐயா, முப்பத்தேழு எண்டு முதலே சொல்லுங்கோவன். ஏன் என்னைக்கொண்டு பிரிப்பிக்கிறியள்? போன கிழமையும் பிரிச்சனான்."

"போன கிழமை நீர் அஞ்சை நினைச்சனீர். இண்டைக்கு எட்டை நினையும்" என்றார் அவர், கொஞ்சமும் அசையாமல்.

செத்தவீட்டுக்குப் போனாலும் சும்மா இருக்கமாட்டார். எழுபத்து நாலு வயதுத் தகப்பனை இழந்து, தூணைப் பிடித்துக்கொண்டு நின்ற ஒருவரின் தோளைத் தட்டி, "கவலைப்படாதையும் தம்பி. ரெண்டு முப்பத்தேழு. குறையில்லாத கணக்கு" என்று ஆறுதல் சொன்னவர் அவர். கொரோனாக் காலத்தில் பிள்ளையார் கோயில் வாசலில் நெற்றிக்கு நேரே கருவி பிடித்தபோது அவருக்கு முப்பத்தாறு புள்ளி இரண்டு காட்டிவிட்டது. உள்ளே விட்டார்கள். அவர் போகவில்லை. வெயிலில் போய் நின்றார். மூன்று தரம் வந்து காட்டி, நாலாந்தரம் சரியாக முப்பத்தேழு வந்த பிறகுதான் உள்ளே காலெடுத்து வைத்தார். அதற்குள் பூசை முடிந்து திருநீறும் கொடுத்தாகிவிட்டது.

முற்றத்தில் அவர் வளர்ப்பது கற்றாழை. ஒன்று நடுவில், அதைச் சுற்றி ஆறு, அதைச் சுற்றிப் பன்னிரண்டு, வெளி வட்டத்தில் பதினெட்டு. கூட்டிப் பாருங்கள், முப்பத்தேழு. அந்த வரிசையில் நட்டால் எந்தப் பக்கத்திலிருந்து பார்த்தாலும் அச்சான அறுகோணம். கற்றாழைக்கு இதெல்லாம் தெரியாதல்லவா? அது பாட்டுக்குக் குட்டி போடும். சனிக்கிழமை தோறும் அவர் குந்தியிருந்து முப்பத்தெட்டாவதைத் தேடிப் பிடுங்குவார். அவருடைய மனைவி இராசேஸ்வரி அந்தக் குட்டிகளையெல்லாம் எடுத்து ஊருக்குக் கொடுத்ததில், இன்றைக்கு வேலணையில் கற்றாழை இல்லாத வளவே இல்லை.

இவ்வளவும் ஊர் சிரித்துவிட்டுப் போகிற சங்கதி. இப்படிப்பட்டவர் வீட்டில் கலியாண வயதில் ஒரு பெண்பிள்ளை இருந்தால் என்ன நடக்கும்? அதுதான் கதை.

மகள் வினோஜா வங்கியில் வேலை. அவளுக்கு இருபத்தொன்பது நடந்தபோது, தரகர் வல்லிபுரம் சாதகக் குறிப்புப் பையைத் தூக்கிக்கொண்டு படலையைத் தட்டத் தொடங்கினார். சரியாக அதே மாதம் நோர்வேயில் இருக்கும் தங்கை மகன் றஜீபன், மாமாவுக்குப் பிடிக்குமே என்று, ஒரு வீடியோவைத் தொலைபேசியில் அனுப்பிவைத்தான். அனுப்பியவனுக்கு வினோஜா இன்றுவரை முகம் கொடுத்துக் கதைப்பதில்லை.

தியாகலிங்கத்தார் வீடியோவை ஏழு தரம் பார்த்துவிட்டுக் குசினிக்குள் வந்தார். முகமெல்லாம் பிரகாசம்.

"இஞ்சரும், பிள்ளைக்கு மாப்பிள்ளை எடுக்கிறதுக்குக் கணிதத்திலையே ஒரு விதி இருக்குது. நூறு சம்பந்தம் வரும் எண்டு வையும். முதல் முப்பத்தேழையும் பாக்கிறது, ஆனால் ஒருத்தரையும் எடுக்கிறதில்லை. அது அளவு பிடிக்க. அதுக்குப் பிறகு, முதல் வந்த எல்லாரையும் விடத் திறமா முதல் ஆர் வாறாரோ, அவரைக் கண்ணை மூடிக்கொண்டு எடுக்கிறது."

இராசேஸ்வரி கறியைக் கிளறிக்கொண்டே கேட்டாள்: "அப்பிடிச் செய்தால் நல்ல மாப்பிள்ளை கட்டாயம் கிடைக்குமோ?"

"கிடைக்கிறதுக்கு முப்பத்தேழு வீதம் வாய்ப்பு!" நெஞ்சு நிமிர்ந்துவிட்டது. "பாத்தீரே? அதுவும் முப்பத்தேழுதான்!"

"மிச்ச அறுபத்து மூண்டு வீதம்?"

"அதைப் பற்றி வீடியோவிலை பெரிசா ஒண்டும் சொல்லேல்லை."

வினோஜா கதவு நிலையில் சாய்ந்து நின்றவள், "அப்பா, இருக்கிறதுக்குள்ளை திறமான ஆள் முதல் முப்பத்தேழுக்குள்ளையே வந்திட்டால்?" என்று கேட்டாள். வங்கிக்காரி அல்லவா, ஓட்டை எங்கே என்று உடனே கண்டுவிட்டாள்.

"அதுக்குத்தான் மோனை பொறுமை வேணும்" என்றார் அவர். அது கேள்விக்குப் பதிலா? ஓரெண் பக்தர்களிடம் பதில் கேட்கக் கூடாது. பதில் ஏற்கெனவே அவர்களிடம் இருக்கிறது. கேள்விதான் மாறி மாறி வரும்.

நாலாவதாக வந்தவன் நிமலன். காரைநகர்ப் பக்கம், விவசாயப் போதனாசிரியர். தாய் கேதீஸ்வரியோடு தேத்தண்ணி குடிக்க வந்தவன், முற்றத்தில் சப்பாத்தைக் கழற்றாமலே நின்றுவிட்டான்.

"என்ன மாமா, கற்றாழையை ஆறு பக்கமா நட்டிருக்கிறியள்?"

இத்தனை வருடத்தில் அந்தக் கேள்வியைத் தானாகக் கேட்ட முதல் மனிதன் அவன். தியாகலிங்கத்தார் சொல்லச் சொல்ல அவன் குனிந்து வெளி வரிசையை விரலால் எண்ணினான். "ஓம், ஒவ்வொரு பக்கத்திலையும் நாலு நாலு நிக்குது" என்றான். பிறகு பேனையும் துண்டும் வெளியே வந்தன; எட்டை நினைத்தான், பிரித்தான், உண்மையாகவே ஆச்சரியப்பட்டான். யன்னலுக்குள்ளால் பார்த்துக்கொண்டிருந்த வினோஜாவுக்கு அந்த ஆச்சரியப்பட்ட முகம் பிடித்துப்போயிற்று. அப்பாவை ஒருவன் சிரிக்காமல் கேட்டுக்கொண்டு நின்றதை அவள் அதற்கு முன் கண்டதில்லை.

தகப்பனுக்கும் பிடித்தது. மிகவும் பிடித்தது. வந்த சம்பந்தங்களை வரிசையாகப் பதியும் கொப்பியில் நாலாம் இலக்கத்துக்கு நேரே 'அதிதிறம்' என்று எழுதினார். எழுதிவிட்டு வல்லிபுரத்தைக் கூப்பிட்டு, "சரிவராது எண்டு சொல்லிவிடும்" என்றார். நாலு முப்பத்தேழுக்குள் அடக்கம். என்ன செய்வது?

பத்தொன்பதாவதாக வந்த குறிப்பில், கிரக தோசத்தை எண்ணாகச் சொல்லும் கிரக பாவம் எவ்வளவு என்று நினைக்கிறீர்கள்? முப்பத்தேழு! அன்றைக்கு அவர் பட்ட பாடு சொல்லிமுடியாது. குறிப்பைக் கண்ணில் ஒற்றினார், வைத்தார், எடுத்தார், தண்ணீர் குடித்தார். கடைசியில் அதையும் தள்ளிவிட்டார். எண்ணுக்காக எண்ணையே துறந்தவர் என்று அவரைப் பற்றி யாராவது ஒரு வரி எழுதத்தான் வேண்டும்.

இரண்டு வருடத்தில் இருபத்திரண்டு சம்பந்தம் வந்து இருபத்திரண்டும் போயிற்று. வினோஜாவுக்கு முப்பத்தொன்று ஆயிற்று. நிமலனும் அவளும் தொலைபேசியில் கதைத்துக்கொண்டார்கள். அவன் காத்திருக்கத் தயார். அவனுடைய தாய் தயாரில்லை. வைகாசிக் கடைசியில் கேதீஸ்வரி ஆள் சொல்லி அனுப்பினாள்: ஆனி முடிய முதல் ஓம் எண்டால் ஓம். இல்லையெண்டால் ஆவணியிலை வேறை இடத்திலை தாலிக்குப் பொன்னுருக்கு.

வினோஜா அன்றைக்கு அழவில்லை. கடதாசியும் பேனையும் எடுத்துக் கணக்குப் பார்த்தாள். முப்பத்தேழில் இருபத்திரண்டு போக மிச்சம் பதினைந்து. ஒரே மாதத்தில் பதினைந்து குறிப்பை அப்பாவுக்கு முன்னால் கொட்டி, அவற்றைத் தள்ளவைத்து, முப்பத்தெட்டாவதாக நிமலனின் குறிப்பை மறுபடியும் நீட்டினால்? தாயும் மகளும் வல்லிபுரத்தைக் குசினி வாசலில் வைத்துப் பிடித்தார்கள். வல்லிபுரம் முதலில் கையை விரித்தார்.

"பதினைஞ்சு பொடியளுக்கு நான் எங்கை போறது பிள்ளை? தீவுப்பகுதி முழுக்கச் சல்லடை போட்டாச்சு."

"ஆள் வேண்டாம் அண்ணை, குறிப்புத்தானே வேணும்" என்றாள் இராசேஸ்வரி.

அதற்குப் பிறகு ஆனி மாதத்தில் அந்த வீட்டுக்கு வந்த குறிப்புகளைப் பற்றி என்ன சொல்ல! கனடாவில் கலியாணம் முடித்து இரட்டைப் பிள்ளை பெற்றவன் வந்தான். சாமியாராகப் போனவன் வந்தான். இராசேஸ்வரியின் சொந்தத் தம்பியின் குறிப்பு, பெயரும் பிறந்த ஆண்டும் மாற்றி எழுதப்பட்டு, இருபத்தொன்பதாவதாக வந்தது. தியாகலிங்கத்தார் அதைப் பார்த்து, "இது சோம்பேறிச் சாதகம். மாமன் மச்சானுக்கு உபத்திரவம்" என்று தள்ளினார். இராசேஸ்வரி பல்லைக் கடித்துக்கொண்டு தேத்தண்ணியை வைத்தாள். முப்பத்துமூன்றாவது குறிப்பு, கைவசம் வேறு குறிப்பு இல்லாமற்போனதால், அறுபத்தொரு வயதான வல்லிபுரத்தின் சொந்தக் குறிப்பு. "வயது கொஞ்சம் கூடப்போலை கிடக்கு" என்றார் தியாகலிங்கத்தார், யோசித்துவிட்டு. தான் தள்ளப்பட்டதில் வல்லிபுரத்துக்கு ஒரு சின்ன மனவருத்தம்.

ஆனி முடிய நாலு நாள் இருக்கும்போது முப்பத்தேழாவதும் போயிற்று. அடுத்தநாள் பின்னேரம், வல்லிபுரம் முகத்தைத் துடைத்துக்கொண்டு முப்பத்தெட்டாவதை நீட்டினார். குசினிக்குள் தாயும் மகளும் கதவில் காதை வைத்துக்கொண்டு நின்றார்கள்.

தியாகலிங்கத்தார் குறிப்பைப் பார்த்தார். கொப்பியைப் புரட்டினார்.

"இது நாலாம் இலக்கம்."

"ஓம் ஐயா. ஆனால் இப்ப முப்பத்தெட்டாவதா வந்திருக்கு. விதிப்படி எடுக்கலாம்தானே?"

"விதி என்ன சொல்லுது? முதல் வந்த எல்லாரையும் விடத் திறமானவரா இருக்கவேணும். இதிலை நாலாம் இலக்கம்தான் எல்லாருக்கும் மேலை நிக்கிறார்." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவருக்கும் அது சந்தோசமான செய்தியல்ல. "நிமலன் நிமலனை விடத் திறமில்லை, வல்லிபுரம். சமன். சமன் காணாது."

இருபத்தைந்து வருடத் தரகு வாழ்க்கையில் ஒரு மாப்பிள்ளை தன்னாலேயே தோற்றதை வல்லிபுரம் கண்டதில்லை.

வினோஜா வெளியே வந்தாள். கண் கலங்கியிருந்தது; ஆனால் பேச்சு நேராக வந்தது.

"அப்பா, இன்னும் அறுபத்திரண்டு வரவேணும். வருசத்துக்குப் பதினொண்டு வருகுது. எல்லாம் வந்து முடிய ஆறு வருசம் செல்லும். அப்ப எனக்கு எத்தினை வயசு எண்டு கூட்டிப் பாருங்கோ."

அவர் கூட்டினார். முப்பத்தொன்றும் ஆறும். உதடு அசைந்தது. பிறகு, ஐயோ, அந்த முகம்! அடக்க அடக்க அவருடைய முகம் மலர்ந்துவிட்டது.

அதை இராசேஸ்வரி கண்டாள். அகப்பையோடு வந்து நடு விறாந்தையில் நின்றாள். முப்பத்து மூன்று வருடத் தாம்பத்தியத்தில் அவள் தன் பக்கத்துக் கணக்கை எடுத்தது அன்றைக்குத்தான்.

"இஞ்சருங்கோ. உங்களுக்கு முன்னாலை எனக்கு எத்தினை குறிப்பு வந்தது எண்டு தெரியுமே?"

தியாகலிங்கத்தார் திகைத்துப்போய்ப் பார்த்தார். அவர் ஒருநாளும் கேட்டதில்லை. முப்பத்தேழாக இருக்குமோ என்று ஒரு நப்பாசை அந்த நேரத்திலும் கண்ணில் மின்னியது.

"ஒண்டும் வரேல்லை. நீங்கள்தான் முதலாவது. எங்கடை அய்யா நெத்தியைப் பாத்தார், 'பொடியன் நல்லவன்போலை கிடக்கு, கொஞ்சம் விசர், பறவாயில்லை' எண்டார், தந்தார். உங்கடை விதியை அண்டைக்கு அய்யா பிடிச்சிருந்தால், உங்களை வைச்சு அளவு பிடிச்சுப்போட்டுத் தேத்தண்ணியைத் தந்து அனுப்பியிருப்பார். இந்த வீடும் இல்லை, இந்தப் பிள்ளையும் இல்லை. முப்பத்தேழு கற்றாழைக்கு நடுவிலை தனிய இருந்து பிரிச்சுக்கொண்டு இருந்திருப்பியள்."

வல்லிபுரம் பையைச் சுருட்டிக் கமக்கட்டில் வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்தார். தியாகலிங்கத்தார் எழுந்து முற்றத்துக்குப் போனார். கற்றாழைக்கு முன்னால் வெகுநேரம் நின்றார். தான் முதலாவது ஆள் என்பதும், தன்னைத் தள்ளாமல் எடுத்தார்கள் என்பதும் அவருக்கு அன்றைக்குத்தான் உறைத்தது. பழக்கதோசத்தில் வெளி வரிசையை எண்ணத் தொடங்கினார். ஒன்று, இரண்டு, மூன்று, நாலு. மூலையில் திரும்பினார். ஒன்று, இரண்டு, மூன்று, நாலு.

உள்ளே வரும்போது நடை மாறியிருந்தது.

"வல்லிபுரம், அந்தப் பொடியன் அண்டைக்கே சொன்னவன், நான்தான் கவனிக்கேல்லை. முப்பத்தேழை அறுகோணமா அடுக்கினால் ஒவ்வொரு பக்கத்திலையும் எத்தினை நிக்குது? நாலு! ஆறு பக்கத்தாலையும் முப்பத்தேழைக் காத்துக்கொண்டு நிக்கிறது நாலு! நாலாவதுதான் சரி. கணக்கு அப்பவே சொன்னது. காரைநகருக்கு இப்பவே போன் எடும்."

கணக்கு அப்படிச் சொல்லவில்லை என்று அந்த வீட்டில் எல்லாருக்கும் தெரியும். வினோஜா வாயைத் திறக்கப் போனாள். தாய் அகப்பைக் காம்பால் மெல்ல இடித்தாள். வல்லிபுரம் ஏற்கெனவே இலக்கத்தை அமத்திக்கொண்டிருந்தார். ஆவணியில் கலியாணம் நடந்தது. சீர்த் தட்டங்கள் எத்தனை என்று கேட்காதீர்கள். தூக்கி வந்தவர்களின் தோள் இன்னும் வலிக்கிறது.

சிரித்துவிட்டீர்கள். நல்லது. தியாகலிங்கத்தார் மாதிரி விசர் நமக்கில்லை என்று ஒரு நிம்மதி. ஆனால் ஒன்று கேட்கவேண்டும், ஒளிக்காமல் சொல்லுங்கள். மேலே அவர் ஒன்றிலிருந்து ஒன்பதுக்குள் ஓர் இலக்கம் நினைக்கச் சொன்னபோது நீங்களும் நினைத்தீர்கள்தானே? கதையை நிறுத்திவிட்டு மனதுக்குள் பிரித்தும் பார்த்தீர்கள். அது போகட்டும். நினைத்தது எந்த இலக்கம்? கண்ணில் பட்டதா, அல்லது எப்போதும் நினைக்கிற அதே இலக்கமா? தொலைபேசி இலக்கத்தின் கடைசியில் இருப்பது, மோட்டார் சைக்கிளுக்கு அலைந்து வாங்கியது, தொலைக்காட்சியின் சத்தத்தைக் கொண்டுபோய் நிறுத்துவது எல்லாம் அதுதானா?

வீட்டில் இருப்பவரிடம் ஒருக்கால் கேட்டுப் பாருங்கள். கேட்கும்போது அவர் கையில் அகப்பை இருக்கிறதா என்பதை மட்டும் முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.